தக்காளியும் பனீரும்: எல்லோருக்கும் ஒரு பங்கு

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்கு அடியில் இருந்து தங்கம் எடுத்தார்கள். அந்த வேலைக்காகத் தமிழ்நாட்டில் இருந்து பல குடும்பங்கள் போயின. அங்கேயே தங்கிவிட்டன. அதனால் தங்கவயலில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு ஊரில் வேலை குறைந்தது. இப்போது பலர் தினமும் விடியற்காலையில் ரயில் ஏறுகிறார்கள். பெங்களூருக்குப் போய் வேலை செய்கிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

என் ஊரும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் எட்டுப் பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவோம். படிப்போம், எழுதுவோம், பேசுவோம். அப்படிப் பேசிய பேச்சில் இருந்து வந்ததுதான் இந்தச் சமையல் பாடம்.

அக்கா சொன்ன கதை

எங்களில் ஓர் அக்கா பெங்களூரில் ஓர் ஓட்டலில் காய்கறி நறுக்கும் வேலை செய்கிறார். அது சித்திரை மாதம். நல்ல வெயில். எல்லோரும் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா சொன்னார்:

"எங்க ஓட்டல்ல வெயில் காலத்துல ஒண்ணு நல்லா விக்குது. தக்காளியை வட்டமா நறுக்கணும். பால்கட்டியையும் வட்டமா நறுக்கணும். மாத்தி மாத்தி அடுக்கி, மேல ஒரு பச்சை இலை வைப்பாங்க. அடுப்பே கிடையாது. ஒரு தட்டு விலை என் அரை நாள் கூலி."

"ருசி எப்படி இருக்கும்?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

அக்கா சிரித்தார். "யாருக்குத் தெரியும்? மூணு வருஷமா நறுக்குறேன். ஒரு துண்டு வாயில போட்டது இல்லை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாட்டி சொன்னார்: "தக்காளி நம்ம கோலார்ல விளையுது. பால் நம்ம தெருவுல கறக்குறாங்க. நாமே செஞ்சு சாப்பிட்டா என்ன?"

அடுத்த ஞாயிறு செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

இது எந்த ஊர்ச் சாப்பாடு?

அக்கா சொன்னது இத்தாலி நாட்டுச் சாப்பாடு. அங்கே காப்ரி என்று ஒரு தீவு உண்டு. அந்தத் தீவின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். சிவப்புத் தக்காளி, வெள்ளைப் பால்கட்டி, பச்சை இலை. இத்தாலி நாட்டுக் கொடியிலும் இதே மூன்று நிறங்கள்தான். அந்த இலை நம் துளசிக்குச் சொந்தக்காரச் செடியின் இலை.

நம் நாட்டிலும் இதுபோல உண்டு. வட இந்தியாவில் வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கலப்பார்கள். அதற்குக் கச்சும்பர் என்று பெயர். கர்நாடகத்தில் ஊறவைத்த பாசிப்பருப்பையும் வெள்ளரிக்காயையும் கலந்து கோசம்பரி செய்வார்கள். ராம நவமி அன்று பானகத்தோடும் நீர்மோரோடும் அதை எல்லோருக்கும் கொடுப்பார்கள். வெயில் காலத்தில், அடுப்பு அதிகம் எரிக்காமல், பலருக்குப் பங்கிடும் உணவு அது.

நாங்கள் செய்தது தக்காளி, பனீர் கோசம்பரி.

பனீர் என்றால் என்ன?

"பன்னீரா? கல்யாணத்துல தெளிப்பாங்களே, அதையா சாப்பிடுறது?" என்று பாட்டி கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அது வேறு, இது வேறு. தெளிப்பது பன்னீர். அது ரோஜாப்பூ வாசனைத் தண்ணீர். இது பனீர். பாலைத் திரித்துச் செய்யும் பால்கட்டி.

"பால் திரிஞ்சா வீட்டுக்கு ஆகாதும்பாங்க. நாமே திரிக்கலாமா?" என்று இன்னொருவர் கேட்டார்.

நல்ல கேள்வி. பால் தானாகத் திரிந்தால் அது கெட்டுப்போனதாக இருக்கலாம். அதில் கிருமிகள் பெருகி இருக்கலாம். அதைப் பனீருக்கு எடுக்கக் கூடாது. நாம் செய்வது அப்படி அல்ல. நல்ல பாலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சைச் சாறு விட்டு, நாமே திரிக்கிறோம்.

பாலில் புரதச் சத்து இருக்கிறது. உடம்பு வளரவும் தசை பலமாக இருக்கவும் அது வேண்டும். சூடான பாலில் புளிப்பு பட்டால், அந்தப் புரதம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிறது. தண்ணீர் தனியே பிரிகிறது. தயிர் உறைவதும் புளிப்பால்தான். தயிரில் அது இரவு முழுவதும் மெதுவாக நடக்கிறது. பனீரில் சில நிமிடத்தில் நடந்துவிடுகிறது.

எட்டுப் பேருக்குத் தேவையான பொருட்கள்

பழுத்த தக்காளி: 1 கிலோ
பால்: 1 லிட்டர்
எலுமிச்சம்பழம்: 2
வெள்ளரிக்காய்: 1
பெரிய வெங்காயம்: 1
பச்சை மிளகாய்: 2
கொத்தமல்லித் தழை: ஒரு கைப்பிடி
வறுத்த வேர்க்கடலை: ஒரு கைப்பிடி
மிளகுத் தூள்: அரைத் தேக்கரண்டி
உப்பு: தேவையான அளவு
தாளிக்க: எண்ணெய் 2 தேக்கரண்டி, கடுகு கொஞ்சம்

தக்காளியைப் பார்த்து வாங்குங்கள்

தக்காளி நம் நாட்டில் தோன்றிய செடி அல்ல. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியர்களின் கப்பல்கள் மூலம் இந்தியாவுக்கு வந்தது. இன்று தக்காளி இல்லாத சமையலறை இல்லை.

கோலார் தக்காளிச் சந்தை ஆசியாவின் பெரிய சந்தைகளில் ஒன்று. இங்கே பெட்டிக் கணக்கில் ஏலம் விடுவார்கள். விலை ஒரே மாதிரி இருக்காது. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பல ஊர்களில் ஒரு கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. விளைச்சல் கூடினால், பறிக்கும் கூலிக்குக் கூட விலை கட்டாது. அப்போது விவசாயிகள் தக்காளியைச் சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. தக்காளி மலிவாகக் கிடைக்கும் நாளில் இதைச் செய்யுங்கள்.

பச்சையாகச் சாப்பிடும் தக்காளி நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். ஆனால் கல் போலவும் இருக்கக் கூடாது, கொழகொழ என்றும் இருக்கக் கூடாது. விரலால் மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனை வர வேண்டும். வெடித்தது, பூஞ்சை பிடித்தது, கசிவது வேண்டாம்.

ஃபிரிட்ஜ் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிகக் குளிரில் தக்காளியின் வாசனையும் ருசியும் குறைந்துவிடும். அன்றே சாப்பிடும் பழத்தை நிழலான இடத்தில் வெளியே வைத்தால் போதும்.

பனீர் செய்வது

1. பாலை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். பொங்கி வரும்வரை கொதிக்கவிடுங்கள்.

2. ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். விதையை எடுத்துவிடுங்கள். சாறு எவ்வளவோ அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

3. அடுப்பை அணையுங்கள். சாற்றைக் கரண்டி கரண்டியாகப் பாலில் விட்டு, மெதுவாகக் கிளறுங்கள். பால் திரியும். கட்டி மேலே வரும். தண்ணீர் இளம்பச்சையாகத் தெளியும். தெளிந்ததும் சாறு விடுவதை நிறுத்துங்கள். திரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் சாறு விடுங்கள். அளவுக்கு மேல் விட்டால் பனீர் புளிக்கும், விறைத்துப் போகும்.

4. சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். அந்தத் துணியை முன்னதாகவே வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுத்திருக்க வேண்டும். கட்டியின் மேல் ஒரு டம்ளர் குடிநீர் ஊற்றுங்கள். புளிப்பு போகும்.

5. துணியை முறுக்கிப் பிழியுங்கள். ஒரு தட்டில் வைத்து, மேலே தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைப் பாரமாக வையுங்கள். அரை மணி நேரத்தில் பனீர் தயார்.

ஒரு லிட்டர் பசும்பாலில் 150 கிராம் முதல் 180 கிராம் வரை பனீர் கிடைக்கும். எருமைப் பால் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

பிரிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலும் சத்து இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையலாம். ரசத்தில் சேர்க்கலாம்.

முதல் ஞாயிறு: இரண்டு தவறுகள்

முதல் தவறு என்னுடையது. எல்லோரும் வருவதற்கு முன்பே நான் தக்காளியை நறுக்கி, உப்புப் போட்டு வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாத்திரம் முழுவதும் தண்ணீர். தக்காளி துவண்டு கிடந்தது.

ஏன் அப்படி ஆனது? மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடும் அல்லவா? அதே கதைதான். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வந்துவிடுகிறது. அதனால் உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும்.

இரண்டாவது தவறை யாரும் கவனிக்கவில்லை. ஓட்டலில் வேலை செய்யும் அக்காதான் பரிமாறினார். ஒவ்வொரு தட்டிலும் அள்ளி அள்ளி வைத்தார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். பேச்சும் சிரிப்புமாகச் சாப்பிட்டு முடித்தோம். பிறகுதான் அவருடைய தட்டைப் பார்த்தேன். தக்காளித் தண்ணீரும் இரண்டு கொத்தமல்லித் தழையும் இருந்தன.

"என்ன அக்கா, உங்களுக்கு இல்லையா?"

"பரவாயில்லை டீச்சர். எல்லாரும் சாப்பிட்டாச்சு இல்ல, அது போதும்."

அவர் ஆசைப்பட்டுத்தான் இதைச் செய்தோம். அவருக்கே கிடைக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாட்டி சொன்னார்: "இது இன்னைக்கு நடந்தது இல்லைம்மா. என் வீட்டுல அம்பது வருஷமா நடக்குது. ஆக்குனவ கடைசியிலதான் உட்காருவா. மிச்சம் இருந்தா உண்டு."

உங்கள் வீட்டில் எப்படி?

இரண்டாவது ஞாயிறு: செய்த விதம்

இந்த முறை எல்லோரும் வந்த பிறகு நறுக்கினோம்.

முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். கத்தியையும் பலகையையும் கழுவினோம். மீனும் கறியும் வெட்டும் பலகையை இதற்கு எடுக்கவில்லை. தக்காளியையும் வெள்ளரிக்காயையும் நறுக்குவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவினோம். கடைசியாக ஒரு முறை, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசினோம். கொத்தமல்லித் தழையில் மண் இருக்கும். அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசினோம்.

ஏன் இவ்வளவு கவனம்? சமைக்கும் உணவில் நெருப்பு கிருமியைக் கொன்றுவிடும். இது பச்சையாகச் சாப்பிடும் உணவு. இங்கே நெருப்பு செய்யும் வேலையை நம் கையும் தண்ணீரும்தான் செய்ய வேண்டும்.

பிறகு தக்காளியைப் பெரிய துண்டுகளாக நறுக்கினோம். வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் சிறிதாக நறுக்கினோம். பச்சை மிளகாயைப் பொடியாக அரிந்தோம். பனீரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினோம். உதிர்ந்ததையும் விடவில்லை. எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் போட்டோம். கடுகு தாளித்து, ஆறவிட்டு, மேலே ஊற்றினோம். மிளகுத் தூள் தூவினோம். பாதி எலுமிச்சம்பழம் பிழிந்தோம். கரண்டியால் அடித்துக் கிளறாமல், கீழிருந்து மேலாகப் புரட்டினோம்.

உப்பு, வேர்க்கடலை, கொத்தமல்லி மூன்றும் கடைசி. வேர்க்கடலையை முன்பே போட்டால் ஊறிப்போகும்.

கலந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். வெயில் காலத்தில் பனீரும் நறுக்கிய காயும் சீக்கிரம் கெட்டுவிடும். மிச்சம் வைத்து ராத்திரிக்குச் சாப்பிட வேண்டாம். வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்குப் பச்சைக் காய் கொடுக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான்.

பங்கு வைத்த விதம்

கலப்பதற்கு முன்பே எட்டுத் தட்டுகளை எண்ணி வரிசையாக வைத்தோம். பாட்டியின் யோசனை அது. அக்காவின் தட்டுதான் முதல் தட்டு. கலந்ததும் எட்டுத் தட்டிலும் சமமாகப் பரிமாறினோம். பாத்திரம் காலியானது. பிறகு எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். சின்ன விஷயம் இல்லை. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக அதில் தெரிந்தது. இரத்தசோகை என்றால் இரத்தத்தில் வலு குறைவது. களைப்பு வரும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. சத்தான சாப்பாடு போதிய அளவு கிடைக்காதது ஒரு முக்கியக் காரணம்.

தக்காளியும் பனீரும் இரத்தசோகைக்கு மருந்து அல்ல. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் விடாமல் சாப்பிட வேண்டும். அதைப் பாலோடும் டீயோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கீரை, பயறு, கேழ்வரகு போன்றவற்றையும் சாப்பிட வேண்டும். தக்காளியிலும் எலுமிச்சையிலும் வைட்டமின் சி இருக்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும்.

ஆனால் எந்தச் சத்தான உணவும் தட்டுக்கு வந்தால்தானே உடம்புக்குப் போகும்? சமைத்தவருக்கும் ஒரு தட்டு வைப்பதற்குக் காசு தேவையில்லை. சமைப்பதற்கு முன்பே தட்டுகளை எண்ணினால் போதும்.

அக்கா ஒரு துண்டு தக்காளியையும் ஒரு துண்டு பனீரையும் சேர்த்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"எப்படி இருக்கு?" என்று பாட்டி கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பச்சை மிளகாய் இன்னும் ஒண்ணு போட்டிருக்கலாம்" என்றார் அக்கா.

மூன்று வருஷம் நறுக்கியவர், அன்றுதான் ருசி சொன்னார்.

கணக்குப் போடுவோம்

தக்காளி ஒரு கிலோ 20 ரூபாய், பால் ஒரு லிட்டர் 50 ரூபாய், மற்ற எல்லாம் சேர்த்து 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 ரூபாய். எட்டுப் பேர் பங்கு போட்டால் ஒருவருக்கு 15 ரூபாய்.

இன்று உங்கள் ஊரில் தக்காளி என்ன விலை? பால் என்ன விலை? எழுதிப் பாருங்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர்? ஒருவருக்கு எவ்வளவு ஆகும்?

பேசிப் பார்ப்போம்

1. உப்பை ஏன் கடைசியில் போட வேண்டும்?
2. தானாகத் திரிந்த பாலில் ஏன் பனீர் செய்யக் கூடாது?
3. பச்சையாகச் சாப்பிடும் காயை எப்படிக் கழுவ வேண்டும்?
4. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? நேற்று அவர் என்ன சாப்பிட்டார்? கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?